விட்டுட்டுப் போன அப்பாவின் உரிமையை கோர்ட் ரத்து செய்யுமா? தனியாகப் பிள்ளை வளர்க்கும் திருப்பூர் அம்மாக்களுக்கு சட்டம் சொல்வது என்ன?

திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டி, சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கி, தனி ஆளாகப் பிள்ளையை வளர்க்கும் அம்மாக்கள் எத்தனையோ பேர். கணவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. பணம் வருவதில்லை, போன் நம்பரும் மாறிவிட்டது. ஆனால் பிள்ளைக்கு பாஸ்போர்ட், ஊரில் இருக்கும் சொத்துப் பங்கு என்று எதைத் தொட்டாலும் ஒரே கேள்விதான் வரும்: "அப்பா கையெழுத்து எங்கம்மா?"

இப்படி காணாமல் போனவருக்கு பிள்ளை மேல் இருக்கும் உரிமையை கோர்ட் மூலம் ரத்து செய்ய முடியுமா?

அமெரிக்காவில் முடியும். பிள்ளையைக் கைவிட்ட பெற்றோரின் உரிமையை நிரந்தரமாகத் துண்டிக்க அங்குள்ள மாநில நீதிமன்றங்களுக்கு அதிகாரம் உண்டு. அதற்கு மிக வலுவான ஆதாரம் வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1982-ல் சொன்னது. இந்தியாவில் குடும்ப நல நீதிமன்றத்தில் அப்படி ஒரு மனுவே கிடையாது. 'அப்பா உறவு முடிந்தது' என்று நீதிபதி எழுதித் தர மாட்டார். ஆனால், முடிவெடுக்கும் அதிகாரம் முழுவதையும் அம்மா கையில் கொடுக்க முடியும். பெரும்பாலானவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவதும் அதுதான்.

கோவையில் பிறந்த எழுத்தாளர் போட்ட வழக்கு

1956-ம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் கார்டியன்ஷிப் சட்டம், பிள்ளையின் இயற்கைக் காப்பாளர் 'தந்தை, அவருக்குப் பிறகு தாய்' என்கிறது. 'பிறகு' என்றால் அப்பா இறந்த பிறகு என்றுதான் பல ஆண்டுகள் அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள்.

இதை மாற்றியது எழுத்தாளர் கீதா ஹரிஹரன் வழக்கு. கோவையில் பிறந்தவர். மகன் பெயரில் 9 சதவீத ரிலீஃப் பாண்டு வாங்க ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பித்தார். அப்பா கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் கார்டியன் சான்று வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். இத்தனைக்கும் கணவர் கூடவேதான் இருந்தார், அவருக்கு ஆட்சேபனையும் இல்லை! விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

1999 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. 'பிறகு' என்றால் 'இல்லாதபோது' என்றும் பொருள் என்றது நீதிமன்றம். அப்பா வேறு ஊரில் இருந்து பிள்ளையைக் கவனிக்க முடியாவிட்டாலும், ஒரே வீட்டில் இருந்துகொண்டே பிள்ளை விஷயத்தில் முழு அலட்சியமாக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர் 'இல்லாதவர்'தான். அப்போது அம்மாவே இயற்கைக் காப்பாளர்.

அதனால் எல்லாத்துக்கும் கோர்ட் போக வேண்டியதில்லை. மைனர் சேமிப்புக் கணக்கை அம்மாவைக் கார்டியனாகப் போட்டே திறக்கலாம். பாஸ்போர்ட்டுக்கு ஒரு பெற்றோர் பெயர் போதும் என்று 2016 டிசம்பரில் விதி தளர்த்தப்பட்டது. இன்னொருவர் சம்மதம் கிடைக்காதபோது கொடுக்க 'இணைப்பு சி' என்ற உறுதிமொழிப் படிவமும் இருக்கிறது. கவுன்ட்டரில் இருப்பவர் இதை ஏற்காதபோதுதான் கோர்ட் உத்தரவு கை கொடுக்கும்.

சொந்த ஊருக்குப் போய் கேஸ் போடணுமா?

வேண்டாம். 1890-ம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டப்படி, பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த எல்லைக்குள் மனு போடலாம். தேனியில் கல்யாணம் நடந்திருந்தாலும், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்திருந்தாலும், பிள்ளை படிப்பது திருப்பூர் ஸ்கூலில் என்றால் மனு திருப்பூரில்தான். ஸ்கூல் சான்று, வாடகை ரசீது, தடுப்பூசி அட்டை எல்லாம் இங்கே உதவும். இந்தச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொருந்தும். விவாகரத்து ஆகியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பலரும் தடுக்கி விழுவது நோட்டீஸில்தான். அப்பாவுக்குத் தகவல் போயே ஆக வேண்டும். விலாசம் தெரியாவிட்டால், கோர்ட் அனுமதியுடன் நாளிதழில் விளம்பரம் கொடுக்கலாம். அப்படியும் அவர் வராவிட்டால் ஒருதலைப்பட்சமாக உத்தரவு வரும். ஆனால் விலாசம் தெரிந்தே 'தெரியாது' என்று சொல்லாதீர்கள். பின்னாளில் அவர் வந்து 'எனக்கு நோட்டீஸே வரலை' என்று நிரூபித்தால், ஷிப்ட்டுக்கு லீவு போட்டு, கூலியை இழந்து வாங்கிய உத்தரவு கையை விட்டுப் போகும்.

திருமணமாகாத தாய் என்றால் நிலைமை வேறு. அப்பா யார் என்று சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது, அந்த நோட்டீஸ் இல்லாமலே கார்டியனாக நியமிக்கலாம் என்று 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நாலு வருஷம் கழிச்சு திரும்பி வந்தா?

வரலாம், கேட்கலாம். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போன ரோஸி ஜேக்கப் வழக்கில் 1973-லேயே இது தெளிவாகிவிட்டது: பிள்ளை பெற்றோரின் உடைமை அல்ல, கஸ்டடி உத்தரவும் நிரந்தரமானது அல்ல. சூழ்நிலை மாறினால் உத்தரவும் மாறும். ஆனால் இடைப்பட்ட வருடங்களில் அவர் என்ன செய்தார் என்பதை கோர்ட் பார்க்கும். விவரம் தெரிந்த வயது என்றால் பிள்ளையிடமும் கேட்கும். பெரும்பாலும் மாதத்தில் சில நாள் பார்க்க அனுமதி என்ற அளவில் நிற்கும்.

அம்மா இல்லாமல் அமுச்சியிடம் வளரும் பிள்ளை என்றால் பாதை கடினம். அப்பா உயிரோடு இருந்து, தகுதியற்றவர் என்று கோர்ட் கருதாதவரை வேறொருவரைக் கார்டியனாக நியமிக்க சட்டம் இடம் தருவதில்லை. அவர் பிள்ளையைக் கைவிட்டதற்கான ஆதாரத்தை பாட்டிதான் காட்ட வேண்டும்.

மறுமணம் செய்தவர் பிள்ளையைத் தத்தெடுக்க நினைத்தால்?

சட்டம் இன்னும் இடிப்பது இங்கேதான். இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, பிள்ளையைத் தத்துக் கொடுக்க தாய், தந்தை இருவர் சம்மதமும் வேண்டும். துறவியானவர், மதம் மாறியவர், மனநலம் பாதித்தவர் என்று கோர்ட் அறிவித்தவர் ஆகிய மூவருக்கு மட்டுமே விலக்கு. 'ஓடிப்போனவர்' அந்தப் பட்டியலில் இல்லை! சாமியாராகப் போனால் சம்மதம் தேவையில்லை, சொல்லாமல் கொள்ளாமல் போனால் தேவை. ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லை என்றால், அவர் இறந்ததாகக் கருதும்படி சிவில் நீதிமன்றத்தை அணுகலாம். அதற்குள் பிள்ளை பத்தாவது முடித்திருக்கும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கார்டியன் உத்தரவு அம்மாவுக்கு வந்துவிட்டால் அப்பாவின் பொறுப்பு முடிந்துவிடாது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவில் (பழைய 125-வது பிரிவு) ஜீவனாம்சம் கேட்கலாம். அம்மா வசிக்கும் ஊரிலேயே இந்த மனுவையும் போடலாம். உத்தரவுக்குப் பிறகும் தராவிட்டால் வாரண்ட், சிறை வரை போகும்.

வக்கீல் செலவுக்குப் பயந்து நிற்பவர்களுக்கு: பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் வக்கீலை அவர்களே நியமிப்பார்கள். கட்டணமில்லா எண் 15100. போகும்போது பிள்ளையின் பிறப்புச் சான்று, ஆதார், ஸ்கூல் சான்று, கணவரின் கடைசியாகத் தெரிந்த விலாசம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.