குத்தகைக்கு வரும் கணினி நிறுவனங்கள்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

தஞ்சை மாவட்டத்தில் 'குத்தகை' என்றால் வயலைத்தான் நினைப்போம். நிலம் சிலரிடம் இருந்தது. உழ வந்தவர் பலர். ஆகவே நிலக்காரர் வைத்ததே சட்டம். என் தாத்தாவும் ஒரு குத்தகைதாரர். நெல் அளக்கும் நாளில் களத்துமேட்டில் கைகட்டி நின்றவர். அவர் பேரனாகிய நான் இங்கே எழுதப்போவது நிலைமை தலைகீழாக உள்ள வேறொரு குத்தகையைப் பற்றி. அதில் மாளிகையைக் கட்டியவர்தான், குடிவரவேண்டிய நிறுவனத்தின் வாசலில் போய் நிற்கிறார்.

நிற்கத்தான் வேண்டும். காலியாகப் புறப்பட்ட பேருந்தின் டிக்கெட் பணம் மறுநாள் வராதது போல, பூட்டிக் கிடந்த மாடியின் வாடகையும் திரும்ப வராது. வங்கிக்கு வட்டி மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருக்கும்.

தமிழகத்தில் இந்த வகைக் கட்டிடங்களுக்கு முன்னோடி சென்னைத் தரமணியின் டைடல் பூங்கா. டிட்கோ, எல்காட் என்னும் இரு அரசு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கியதால் இரண்டின் பெயரும் கலந்து டைடல் ஆயிற்று. 2000 ஜூலை 4ஆம் நாள் பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்தார். பரப்பு ஏறக்குறைய 12.8 லட்சம் சதுர அடி. அண்மையிலேயே ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம், மத்திய பாலிடெக்னிக் எல்லாம் இருந்தன. மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை ஆறுவழிச் சாலை வந்தது 2008இல்தான். அதாவது சாலைக்கு முன்பே நிறுவனங்கள் வந்துவிட்டன. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறேன்.

இனி, ஒரு கணினி நிறுவனம் இடம் பார்க்க வரும்போது எதைப் பார்க்கிறது? முகப்புக் கண்ணாடியைப் பார்த்து மயங்குவதில்லை. முதலில் மின்சாரம். மின்தடை ஏற்பட்டால் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் வரையிலான சில நொடிகளைப் பேட்டரிகள் தாங்கவேண்டும். அடுத்தது இணையக் கம்பி. இரண்டு கம்பிகள் வேண்டும். அதுவும் இரண்டு வெவ்வேறு தெருக்களின் வழியாக வரவேண்டும். ஒரே பள்ளத்தில் இரண்டையும் புதைத்தால், குடிநீர்க் குழாய்க்குத் தோண்டுபவரின் ஒரே கடப்பாரையில் இரண்டும் போய்விடும் அல்லவா?

குளிரூட்டும் விஷயத்தில் இயற்பியல் மாணவர்களாகிய நமக்கு ஒரு சுவையான கணக்கு இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறான். அவன் முன்னே உள்ள கணினியும் திரையுமாக இன்னொரு 100 வாட் என்று கொள்வோம். 500 பேர் அமர்ந்தால் 1 லட்சம் வாட், அதாவது 100 கிலோவாட். குளிர்சாதனத்தில் 'ஒரு டன்' என்பது எடையன்று. ஒரு டன் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்பத்தை அகற்றும் திறன், சுமார் 3.5 கிலோவாட். ஆகவே ஆட்களுக்கும் கணினிகளுக்கும் மட்டுமே 28, 29 டன் வேண்டும். சுவரில் அடிக்கும் வெயில், விளக்கு, உள்ளே வரும் வெளிக்காற்று ஆகியவற்றை இதற்கு மேல் கூட்டவேண்டும். வீடுகளுக்கென்று கட்டிய அடுக்குமாடியை 'அலுவலகத்துக்கு விடப்படும்' என்று பலகை மாட்டினால் ஏன் எவரும் வருவதில்லை என்பது இங்கே விளங்கும்.

ஒப்பந்தத்தில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. வாடகை கணக்கிடும் சதுர அடியில் மாடிப்படி, மின்தூக்கி, நடைக்கூடம் ஆகியவற்றின் பங்கும் சேரும். 100 சதுர அடிக்குப் பணம் கட்டினால் மேசை போட 70, 75தான் மிஞ்சும். இன்னொன்று, குறிப்பிட்ட காலம், பெரும்பாலும் 3 ஆண்டு, குடிவந்தவர் காலி செய்யக்கூடாது என்னும் கட்டுப்பாடு. முதலில் வரும் பெரிய நிறுவனத்துக்கு உரிமையாளர் வாடகையைக் குறைத்துக் கொடுப்பார். சில மாதம் வாடகையே வாங்காமலும் இருப்பார். நம் கடைத்தெருவில் சொல்லும் முதல் போணிதான் இது. ஒரு பெயர்பெற்ற நிறுவனம் வந்துவிட்டால் மற்றவை அதைப் பார்த்து வரும்.

இது நம் ஊருக்கும் வந்துவிட்டது. சிறு நகரங்களுக்கான 'டைடல் நியோ' கட்டிடங்கள் 2024 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்திலும், செப்டம்பரில் சேலத்திலும் தஞ்சையிலும் திறக்கப்பட்டன. தஞ்சைக்கு அருகே மேலவஸ்தாசாவடியில் உள்ளது சுமார் 55 ஆயிரம் சதுர அடி. நான் மேலே போட்ட 500 பேர் கணக்கு இதை நினைத்துப் போட்டதே. சிறு ஊரில் நிறுவனங்கள் முதல் போட அஞ்சும். ஆகவே இங்கே மேசை, நாற்காலி, இணையம் எல்லாம் உரிமையாளரே போட்டுவைத்து, கணினியுடன் வந்து உட்கார்ந்தால் போதும் என்னும் நிலையில் கொடுப்பது பயன் தரும்.

ஆனால் வாடகை மலிவு என்பதற்காக மட்டும் எவரும் வரமாட்டார்கள். இத்தகைய நிறுவனத்தின் செலவில் பெரும்பங்கு சம்பளம். வாடகை அதற்குப் பின்னால்தான். பக்கத்தில் வேலைக்கு ஆள் கிடைப்பார்களா, கிடைத்தவர் நிலைத்து இருப்பார்களா என்பதே அவர்கள் கேள்வி. சோஹோ நிறுவனம் 2011இல் தென்காசிப் பக்கம் போனது உள்ளூர் இளைஞர்களை நம்பித்தான். தரமணியில் சாலைக்கு முன்பே நிறுவனங்கள் வந்ததற்கும் இதுவே காரணம் என்பது என் கருத்து. ஆகவே மேலவஸ்தாசாவடிக் கட்டிடத்துக்கு ஆள் பிடிக்கும் அதிகாரி தம் பையில் எடுத்துச் செல்லும் சிறந்த சரக்கு, ஆண்டுதோறும் நம் கல்லூரியிலிருந்தும் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்தும் வெளிவரும் நாம்தான். நம்மில் எத்தனை பேருக்கு ஒரு சிறு நிரல் எழுத வரும், எத்தனை பேர் ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் தடுமாறாமல் பேசுவோம் என்று அந்த நிறுவனம் கேட்கும். நம் ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு மூவர் அமர்கிறோம். வாரத்தில் இரண்டு மாலை ஆய்வகத்தைத் திறந்துவைத்தால் இந்நிலை ஓரளவு மாறும் என்று ஆசிரியப் பெருமக்களிடம் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பேருந்தையும் சொல்லவேண்டும். அமெரிக்க வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் அலுவலகங்களில் பணி மாலையில் தொடங்கி நள்ளிரவுக்குப் பின் முடியும். எங்கள் ஊருக்குக் கடைசிப் பேருந்து இரவு 9 மணிக்கு. வீட்டிலிருந்தே வேலைக்குப் போகலாம் என்று என் வகுப்பு மாணவியரின் பெற்றோர் நம்பியிருக்கிறார்கள். இரவில் கொண்டுவந்து விடும் வேன் உண்டா என்பதையே அவர்கள் முதலில் கேட்பார்கள்.