கையெழுத்துக்கு இரண்டு சாவிகள்

முன்பு நம்மில் பலர் கைநாட்டு வைத்தோம். வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கி, பிறகு இஷ்டப்படி கடன் தொகை எழுதியவர்கள் உண்டு. 500-க்குப் பின்னால் ஒரு சைபர் சேர்த்தால் 5,000 ஆகிவிடும். அதனால்தான் எழுத்துக் கற்றோம். இப்போது படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம்.

கணினியிலும் கையெழுத்துப் போடலாம். அதற்கு டிஜிட்டல் கையெழுத்து என்று பெயர். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதை ஏற்றுக்கொண்டது. தாளில் போட்ட கையெழுத்தைப் படம் எடுத்து ஒட்டினால் அது டிஜிட்டல் கையெழுத்து ஆகாது. படத்தை யாரும் வெட்டி ஒட்டலாமே!

இரண்டு சாவிகள் எவை?

இவை இரும்புச் சாவிகள் அல்ல. மிகப் பெரிய எண்கள். இரண்டும் ஒரு ஜோடி.

தனிச் சாவி: இது கையெழுத்துப் போடுபவரிடம் மட்டும் இருக்கும். கையெழுத்துப் போட உதவும்.

பொதுச் சாவி: இது யாரிடமும் இருக்கலாம். கையெழுத்தைச் சரிபார்க்க உதவும்.

பொதுச் சாவியைத் தெரிந்தவர் அதை வைத்துத் தனிச் சாவியைக் கண்டுபிடிக்க முடியாது. கணக்கு அவ்வளவு கடினம்.

எப்படி வேலை செய்கிறது?

ஓர் ஊராட்சித் தலைவி கிணறு தூர்வாரிய கூலி 8,000 ரூபாய் கொடுக்கச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணினி அந்த உத்தரவு முழுவதையும் கணக்கிட்டு ஒரு சுருக்க எண்ணை உண்டாக்கும். அது உத்தரவின் கைரேகை போன்றது. தலைவியின் தனிச் சாவி அந்த எண்ணை மாற்றித் தரும். அதுதான் கையெழுத்து.

பெறுபவரின் கணினி பொதுச் சாவியால் அதைச் சரிபார்க்கும். நடுவில் யாராவது 8,000-ஐ 80,000 ஆக்கினால்? உத்தரவின் கைரேகை மாறிவிடும். கையெழுத்து பொருந்தாது. திருத்தியது தெரிந்துவிடும்.

அந்தப் பொதுச் சாவி தலைவியுடையதுதானா? அரசின் உரிமம் பெற்ற நிறுவனம் அவர் யார் என்று விசாரித்துச் சான்றிதழ் தருகிறது. அதற்குக் காலக்கெடுவும் உண்டு.

யார் கையில் சாவி?

தனிச் சாவி பெரும்பாலும் பென்டிரைவ் போன்ற சிறு கருவியில் இருக்கும். அதைத் திறக்க இரகசிய எண் வேண்டும். சில இடங்களில் தலைவி பெண். கருவியும் இரகசிய எண்ணும் கணவரிடமோ எழுத்தரிடமோ இருக்கும். அவர்கள் கையெழுத்துப் போட்டாலும் கணினி ஏற்றுக்கொள்ளும். யார் விரல் அழுத்தியது என்று அதற்குத் தெரியாது. கணக்கில் தலைவியின் பெயர்தான் இருக்கும். கேள்வி வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

கருவியையும் எண்ணையும் பிறரிடம் கொடுப்பது, வெற்றுத் தாளில் கைநாட்டு வைப்பதற்குச் சமம். தனிச் சாவியைப் பத்திரமாக வைப்பது உரியவரின் கடமை என்று சட்டமும் சொல்கிறது. அது பிறர் கைக்குப் போனால் சான்றிதழ் தந்த நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

சொல்லுங்கள் பார்க்கலாம்

1. கையெழுத்துப் போடும் சாவி எது? சரிபார்க்கும் சாவி எது?
2. தொகையைத் திருத்தினால் எப்படித் தெரியும்?
3. உங்கள் ஊராட்சியில் அந்தக் கருவி யாரிடம் இருக்கிறது?