எழுத விரும்பும் பிள்ளைக்கு எந்த வயதில் என்ன துணை?

நீண்ட நாள் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளுள் சிலர், வலி சற்றுத் தணிந்ததும் முதலில் கேட்பது ஒரு தாளும் பென்சிலும்தாம். அவர்களின் பெற்றோர் எங்களிடம் இரு வகைக் கேள்விகளை எழுப்புகின்றனர். "உடல் தேறாத நிலையில் எழுதினால் களைத்துப்போகாதா? பாடமும் கெடுமே?" என்பது ஒன்று. "இவ்வளவு நன்றாக எழுதும் பிள்ளையைப் போட்டிகளில் சேர்க்கலாமா?" என்பது மற்றொன்று. முன்னது தடுக்க நினைக்கிறது. பின்னது விரைவுபடுத்த நினைக்கிறது. எழுதும் பிள்ளைக்கு வேண்டியது இவ்விரண்டும் அல்ல. அதன் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ற துணையே.

நம் மண்ணில் ஒரு சான்று

நாகர்கோவிலில் வாழ்ந்த எழுத்தாளர் சுந்தர ராமசாமி (1931–2005), பத்து வயதளவில் இளம்பருவ மூட்டழற்சி நோய்க்கு ஆளானவர். அதனால் அவரது பள்ளிப்படிப்பு தடைப்பட்டது. பள்ளியில் அவர் பயின்றவை மலையாளமும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும். தமிழை எழுதப் படிக்கக் கற்றது பதினெட்டாம் வயதில், தம் தாயாரிடம். 1951இல் புதுமைப்பித்தன் நினைவு மலரை வெளியிட்டார். 1966இல் 'ஒரு புளியமரத்தின் கதை' நூலாக வந்தது. முன்பு கற்ற மலையாளமும் வீண்போகவில்லை. தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்', 'தோட்டியின் மகன்' ஆகிய நாவல்களை அவர் தமிழாக்கினார்.

நோயுற்ற பிள்ளைகள் யாவரும் எழுத்தாளராவர் என்பதற்காக இதைக் கூறவில்லை. நோயால் தள்ளிப்போகும் கல்வி நின்றுபோன கல்வி அன்று என்பதையும், வீட்டிலுள்ள ஒருவர் உரிய வேளையில் அளிக்கும் துணை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதையும் பெற்றோர் உணர வேண்டும் என்பதே எங்கள் நோக்கம்.

ஐந்து வயது வரை

இவ்வயதில் எழுத்தைவிடச் சொல்லே முதன்மை. தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் குழந்தைப் பாடல்கள் இன்றும் இப்பருவத்துக்குப் பொருத்தமானவை. பிள்ளை கிறுக்கியதை, "இது என்ன?" என்று சோதிக்காமல், "இதைப் பற்றிச் சொல்" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் கதையை, அது சொன்ன சொற்களிலேயே எழுதி, திரும்பப் படித்துக் காட்டுங்கள்.

ஆறு முதல் எட்டு வரை

கை இப்போதுதான் பழகுகிறது. லகர, ளகர, ழகரப் பிழைகளுக்குச் சிவப்பு மை வேண்டாம். பள்ளி நோட்டு வேறு, கதை நோட்டு வேறு. வீட்டில் பேசும் பேச்சிலேயே எழுதினாலும் தடுக்காதீர்கள். வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளை இரு மொழியையும் கலந்து எழுதுவதும் குறையன்று. எனினும், வாயால் அழகாகக் கதை சொல்லும் பிள்ளை, எட்டு வயதாகியும் எழுத்துகளைக் கூட்டி எழுத மிகவும் இடர்ப்பட்டால், அதைச் சோம்பல் என்று கண்டிக்காமல் எங்களிடம் அழைத்து வாருங்கள். கற்றல் குறைபாடு உள்ளதா என்று ஆராய வேண்டியிருக்கலாம்.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை

இப்பருவத்தில் பிள்ளைகள் வாசகரைத் தேடுவர். படித்துவிட்டு, "நன்று" என்று முடித்துவிடாமல், "அந்த ஆட்டுக்குட்டி பிறகு என்ன ஆயிற்று?" என்பதுபோல் கதையைப் பற்றியே ஒரு கேள்வி கேளுங்கள். நூலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பள்ளிக் கல்வித்துறை அரசுப் பள்ளி மாணவர்களுக்காக வெளியிடும் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்கள் மாணவர் படைப்புகளுக்கும் இடமளிப்பவை, வகுப்பாசிரியரிடம் கேட்டறியலாம். அனுப்புவதா வேண்டாமா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

பதின்மூன்று வயதுக்கு மேல்

இப்போது முதன்மையானது தனிமை. நாட்குறிப்பை அனுமதியின்றிப் படிக்காதீர்கள். பிள்ளை எழுதியதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெருமைக்காகப் பகிர்வதும் நம்பிக்கையைக் குலைக்கும். நோயைப் பற்றி எழுதியதாயின் அதன் விளைவு இன்னும் பெரிது. தமிழாசிரியர் ஒருவரோ, எழுதும் நண்பர்கள் சிலரோ இவ்வயதில் பெற்றோரினும் பயன்படுவர். இணையத்தில் எழுத விரும்பினால், முகவரி, பள்ளிப் பெயர், ஒளிப்படம் ஆகியவற்றை வெளியிடக் கூடாது என்பதையும், "உன் எழுத்தைப் பிடித்திருக்கிறது" என்று தனியே பேச வரும் அறியாதவரைப் பற்றி வீட்டில் சொல்ல வேண்டும் என்பதையும் முன்னரே பேசி வையுங்கள்.

கையைக் காத்தல்

டிரிப்ஸ் ஊசி போடும் முன், பிள்ளை எந்தக் கையால் எழுதும் என்பதைச் செவிலியரிடம் கூறுங்கள். இயலுமாயின் மற்றக் கையில் போடுவோம். மூட்டழற்சி உள்ளவர்களுக்குக் காலையில் விரல்கள் இறுகியிருக்கும். வெந்நீரில் அல்ல, வெதுவெதுப்பான நீரில் கையைச் சற்று நேரம் வைத்தபின், இறுக்கம் தளர்ந்ததும் எழுதட்டும். பருமனான பென்சிலோ, துணி சுற்றிய பேனாவோ பிடிக்க எளிது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கைக்கு ஓய்வு வேண்டும். வலி மிகுந்த நாளில் பிள்ளை சொல்ல, நீங்கள் எழுதலாம். கைப்பேசியில் குரலைப் பதிவும் செய்யலாம். விரல் மூட்டில் வீக்கமோ இறுக்கமோ ஆறு வாரங்களாகத் தொடர்ந்தால், "அதிகம் எழுதியதால் வந்தது" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எப்போது எங்களிடம் சொல்ல வேண்டும்?

நோயுற்ற பிள்ளை மரணத்தைப் பற்றியோ அச்சத்தைப் பற்றியோ எழுதுவது இயல்பே. பல வேளைகளில் அது மனத்தை இலேசாக்கும். அதற்காகக் கடிந்துகொள்ள வேண்டாம். ஆனால், தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணமோ, பிறர் இழைத்த தீங்கோ எழுத்தில் தென்பட்டால், அல்லது எழுதிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென அதையும் விட்டு, உணவும் உறக்கமும் குறைந்து ஒதுங்கினால், அன்றே எங்களுக்குத் தெரிவியுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் மனநல ஆலோசனையும், 1098 என்ற எண்ணில் குழந்தைகளுக்கான உதவியும் கட்டணமின்றிக் கிடைக்கும். அத்தகைய நேரத்தில் நாட்குறிப்பின் தனிமையைவிடப் பிள்ளையின் பாதுகாப்பே பெரிது.

அடுத்த முறை சிகிச்சைக்கு வரும்போது, மருந்துச் சீட்டுகளோடு ஒரு நோட்டையும் பென்சிலையும் பையில் வைத்து வாருங்கள். மருத்துவரைக் காணக் காத்திருக்கும் நேரம் பிள்ளைக்கு வீணாகாது.