பால் குறைந்ததற்கு நடைப்பயிற்சிதான் காரணமா?

மகள் பிறந்து மூன்று மாதமானபோது மாலையில் அரை மணித்தியாலம் நடக்கத் தொடங்கினேன். இரண்டு கிழமைக்குள் பால் குறைவது போலிருந்தது. "சொன்னனான் எல்லே பிள்ளை, நடந்து திரிஞ்சால் பால் வத்திப்போகும்" என்றார் அம்மா. நடையை நிறுத்தினேன். பால் கூடவில்லை. படியேறினாலே களைத்தது.

எனக்குக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தைரொயிட் சுரப்புக் குறைபாடு இருக்கிறது. இரத்தப் பரிசோதனையில் ரி.எஸ்.எச். அளவு கூடியிருந்தது. மருத்துவர் முதலில் கேட்டது, குளிசையை எப்போது, எதனுடன் போடுகிறேன் என்பதைத்தான். காலையில் தேநீருடன், இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளையும் சேர்த்து ஒரேயடியாக விழுங்குவேன் என்றேன். இரவெல்லாம் விழித்திருப்பவளுக்கு அதுதான் சுலபம்.

பிழை அங்கேதான் இருந்தது. இரும்பும் கல்சியமும் தைரொக்சின் குடலில் உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. தைரொக்சினை வெறும் வயிற்றில் தண்ணீருடன், தேநீருக்கும் உணவுக்கும் அரை முதல் ஒரு மணித்தியாலம் முன்பே போட வேண்டும். இரும்பு, கல்சியம் குளிசைகளுக்கு நான்கு மணித்தியால இடைவெளி தேவை. இந்த மருந்து தாய்ப்பாலில் மிகச் சிறிதளவே கலக்கும். பாலூட்டுவதால் அதை நிறுத்தத் தேவையில்லை. நிறுத்தினால்தான் களைப்பு கூடும், பாலும் குறையலாம்.

மிதமான உடற்பயிற்சி பாலின் அளவையோ பிள்ளையின் வளர்ச்சியையோ பாதிப்பதில்லை. மருத்துவத் தடை இல்லாத, பிள்ளை பெற்ற தாய்மாருக்கு வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்செயற்பாட்டை உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல் பரிந்துரைக்கிறது. சிசேரியன் ஆனவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நல்லது. நடக்கப்போகுமுன் பாலூட்டினால் மார்பு கனக்காது.

ஒரு விடயத்தில் கவனம் வேண்டும். முன்பு தைரொயிட் பிரச்சினையே இல்லாதவர்களுக்கும் பிரசவத்துக்குப் பிந்திய ஓராண்டுக்குள் தைரொயிட் அழற்சி வரலாம். அதில் பலருக்கு முதலில் சுரப்பு கூடி, பிறகு குறையும். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், வேகமான மெலிவு தெரிந்தால் 'உடற்பயிற்சி வேலை செய்கிறது' என்று மகிழாதீர்கள். கடினமான பயிற்சியை நிறுத்திவிட்டு இரத்தத்தைப் பரிசோதியுங்கள்.

குளிசை நேரத்தை மாற்றி ஆறு கிழமைக்குப் பின் செய்த பரிசோதனையில் என் அளவு சீராகியிருந்தது. இப்போது மாலையானால் அம்மாவே மகளைத் தூக்கிக்கொள்கிறார். "நீ நடந்திட்டு வா பிள்ளை, நான் பாக்கிறன்."

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, நீங்கள் போடும் எல்லாக் குளிசைகளையும் கொண்டுபோய், ஒவ்வொன்றுக்கும் நேரம் கேட்டு எழுதி வாங்குங்கள்.