பெரிய மாடல் ஜெட்: இறக்கையும் காலும் ஏன் உடைகின்றன?

ஒரு மாடல் விமானம் நல்லா பறக்குது. அதையே எல்லாப் பக்கமும் ரெண்டு மடங்கு பெருசா செஞ்சா அதுவும் நல்லா பறக்கணும்தானே? பறக்காது. பறந்தாலும் இறங்கும்போது மாட்டிக்கும்.

கணக்கு எளிதானது. நீளம் 2 மடங்கானால் இறக்கையின் பரப்பு 4 மடங்கு. ஆனால் எடை 8 மடங்கு. அதாவது இறக்கையின் ஒவ்வொரு சதுர அடியும் இரட்டிப்புச் சுமை தூக்க வேண்டும். அதற்கு வேகம் சுமார் 1.4 மடங்கு தேவை. தரையைத் தொடும் நேரத்தில் இயக்க ஆற்றல்? எடை 8, வேகத்தின் வர்க்கம் 2. மொத்தம் 16 மடங்கு!

காலின் கணக்கு

20 கிலோ ஜெட் ஒன்று நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் கீழே இறங்கித் தரையைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இது 11.5 செ.மீ. உயரத்திலிருந்து, அதாவது அரைச் சாண் உயரத்திலிருந்து, விழுவதற்குச் சமம். அவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் லேண்டிங் கியர் அமுங்குவது வெறும் 2 செ.மீ. என்றால், சராசரி விசை எடையைப் போல ஆறு மடங்குக்குக் கிட்ட, சுமார் 115 கிலோ. சாதாரண ஸ்பிரிங் என்றால் உச்சத்தில் அதுவும் இரட்டிப்பாகும். ஒரு சக்கரம் முதலில் தொட்டால் முழுச் சுமையும் ஒரே காலில்.

இது வழவழப்பான தார் ஓடுபாதையில். எங்க இரும்பைப் பக்கம் எல்லாம் செம்மண், சரளை. சின்னச் சக்கரம் ஒரு கல்லில் இடித்தால் காலைப் பின்னுக்கு இழுக்கும். நீளமான கால் கடப்பாரை மாதிரி வேலை செய்து, பொருத்திய இடத்தையே நெம்பிவிடும்.

இறக்கையின் கணக்கு

அதே ஜெட் டைவ் அடித்து 5 ஜி-யில் மேலே எழும்பினால், இறக்கைகள் தாங்குவது 100 கிலோ, பக்கத்துக்கு 50. அந்த விசை உடம்பிலிருந்து 45 செ.மீ. தள்ளிச் செயல்படுகிறது, உள்ளே இருக்கும் ஸ்பாரின் உயரம் 3 செ.மீ. என்றால், ஸ்பாரின் மேல்பட்டையில் அழுத்தமும் கீழ்பட்டையில் இழுவிசையும் தலா 750 கிலோ. முக்கால் டன்!

பல மாடல்களில் கால் பொருத்தப்படுவது இறக்கையில்தான். சக்கரம் மடங்கிப் போக இறக்கையின் தோலை வெட்டுவதும் உடம்புக்குப் பக்கத்தில், வளைவு விசை அதிகமான அதே இடத்தில். அதனால இது ரெண்டு பிரச்சினை இல்லை, ஒன்றுதான்.

இஸ்ரோவுக்கும் இதே கணக்கு

இஸ்ரோவின் மறுபயன்பாட்டு விண்கலத்தின் சிறிய வடிவம் 2016 மே 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது. அது வங்கக் கடலில் இறங்கியது. சக்கரத்துக்கு வேலை இல்லை. ஓடுபாதையில் இறங்கும் சோதனை 2023 ஏப்ரல் 2 அன்று கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் நடந்தது. சினூக் ஹெலிகாப்டர் சுமார் 4.5 கி.மீ. உயரத்துக்குத் தூக்கிச் சென்று விட்டது. 2024-இல் மேலும் இரண்டு முறை இறங்கியது. அதற்குப் பெயர் புஷ்பக்.

இறக்கை சின்னது என்பதால் அது தரை தொட்ட வேகம் மணிக்கு 320 கி.மீ.க்கும் மேல். பயணிகள் விமானத்துக்கு இது சுமார் 260. பிரேக் பாராசூட் விரித்து 100-க்குக் குறைத்த பிறகுதான் சக்கரப் பிரேக்.

சுற்றுப்பாதைக்குப் போகும் கலம் இதைப்போல் சுமார் 1.6 மடங்கு. வடிவத்தை அப்படியே பெருக்கினால் எடை 4 மடங்கு தாண்டும், வேகம் 400 தாண்டும், ஆற்றல் ஆறரை மடங்காகும். அதனால் கால், டயர், இறக்கை எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிட்டே ஆக வேண்டும்.

வீட்டில் செய்பவர்களுக்கு இரண்டு சோதனை போதும். இறக்கையைத் தலைகீழாகத் தாங்கி, விசை விழும் விதத்தில் மணல் மூட்டை அடுக்கிப் பாருங்கள். முழு எடையோடு அரைச் சாண் உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். உடைந்தால் தரையிலேயே உடையட்டும். மணிக்கு 200 கி.மீ.யில் வரும் 20 கிலோ மண்ணெண்ணெய் ஜெட் ஆட்கள் நிற்கிற இடத்தில் விழக் கூடாது.