வீட்டோடு சென்ற வன்னிப் பயணம்

கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே பிரயாணம் செய்யும் நம்மவருட் பெரும்பாலோர்க்கு வன்னி ஒரு நாடாகத் தோன்றுவதில்லை. சாளரத்துக்கு வெளியே ஓடும் மரவரிசையாகவே தோன்றுகின்றது. வவுனியாவில் ஒரு தேநீர், முறிகண்டியில் ஒரு கும்பிடு, கையில் ஒரு பொட்டலம் கச்சான். அதற்கப்பால் ஆனையிறவு வந்துவிடும். நடுவிற் கிடக்கும் அத்தனையும் “காடு” என்ற ஒரே சொல்லில் அடங்கிப் போகும். அந்தக் காட்டை நின்று நிதானித்துப் பார்க்கவேண்டுமென்ற ஆசை நண்பர்கள் நால்வராகிய எங்களுக்கு நெடுநாளாக உண்டு. ஆனி மாதம் ஒன்றில் ஐந்து நாள் ஓய்வு கிடைத்தது, புறப்பட்டுவிட்டோம்.

தங்குமிடம் தேடி அலையாதிருக்க எங்களுள் ஒருவர் நல்ல உபாயம் செய்திருந்தார். தம் பழைய வேனின் பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு, இரண்டு பலகைப் படுக்கை, ஒரு காஸ் அடுப்பு, தண்ணீர்க் கலன்கள், பாத்திரம் வைக்க ஒரு தட்டு ஆகியவற்றைப் பொருத்தியிருந்தார். இருவர் வேனுக்குள்ளும், இருவர் பக்கத்தில் அடிக்கும் கூடாரத்திலும் உறங்குவது என்பது ஏற்பாடு.

கனடாவில் வாழும் நம் உறவினர் கோடை விடுமுறையில் இத்தகைய உருளும் வீடுகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வடக்குக் காடுகளை நோக்கிச் செல்வதைக் கேட்டிருப்பீர்கள். 1893 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அல்கொன்குவின் வனப்பூங்கா போன்ற இடங்களில் வண்டி நிறுத்துவதற்கென்றே இலக்கமிட்ட இடங்கள் உண்டு. முன்கூட்டியே பதிந்துவிட்டால் இடம் காத்திருக்கும். வன்னியில் அத்தகைய ஏற்பாடு பெரும்பாலும் இல்லை. ஆயினும் வீட்டை வண்டியில் ஏற்றிச் செல்லும் வழக்கம் இந்த மண்ணுக்குப் புதியதன்று.

கூடார வண்டியின் காலம்

மோட்டார் வண்டிகள் வருமுன்னர் நம் முன்னோர் கூடார வண்டியிலேயே நெடும்பயணம் சென்றனர். உள்ளே வைக்கோல் பரப்பி அதன்மேற் பாய் விரித்து, குழந்தைகளையும் முதியோரையும் ஏற்றி, அரிசியும் சட்டியும் விறகும் கட்டிக்கொண்டு மடுவுக்கும் வற்றாப்பளைக்கும் போவார்கள். குளக்கரை கண்ட இடத்தில் மாடுகளை அவிழ்ப்பார்கள்; உலை வைப்பார்கள்; வண்டிக்குக் கீழே விளக்கைக் கட்டித் தொங்கவிட்டு உறங்குவார்கள். அடுப்பும் படுக்கையும் கொண்ட எங்கள் வேன் அந்த வண்டியின் பேரப்பிள்ளை என்றே சொல்லவேண்டும்.

1905 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு உத்தியோகம் பார்க்க வந்த லெனாட் வுல்ஃப் என்ற ஆங்கில இளைஞரும் இவ்வழியே மாட்டுவண்டியில் வந்தவர்தாம். வடபகுதி இரயில் பாதை முழுமை பெற இன்னும் சில மாதங்கள் இருந்தன. ஆகவே அனுராதபுரத்திலிருந்து ஆனையிறவு வரை தபால் வண்டியில், தபால் மூட்டைகளின் மேற் படுத்தபடியே காட்டைக் கடந்தார். பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற அவர் அப்பயணத்தைத் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். அந்த ஆண்டிலேயே இரயில் வந்தது. அதன்பின் காடு சாளரக் காட்சியாயிற்று.

குளங்களின் வரிசை

வவுனியாவில் மாவட்டச் செயலகத்தின் அருகே பண்டாரவன்னியனின் சிலையைப் பார்த்துவிட்டு வடக்கே திரும்பினோம். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று ஊர்ப்பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இப்பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே வன்னியின் வரலாறு விளங்கிவிடும். குளம், மடு, முறிப்பு, கட்டு என்று முடியும் பெயர்கள் யாவும் நீரைத் தேக்கிய மனிதரின் கைவேலையைச் சொல்வன. மழை ஐப்பசியிலிருந்து தை வரையில் கொட்டித் தீர்த்துவிடும் நாடு இது. எஞ்சிய மாதங்களுக்கு நீரைச் சேமித்தவன் ஊர் அமைத்தான். குளம் உடைந்தபோது ஊர் கலைந்தது; காடு உள்ளே வந்தது. 1895 ஆம் ஆண்டில் வன்னி மாவட்டங்களைப் பற்றிய கையேட்டை எழுதிய ஜே. பி. லூயிஸ் போன்ற ஆங்கில அதிகாரிகளும் காட்டுக்கு நடுவே பாழ்பட்டுக் கிடந்த குளங்கள் பலவற்றைக் கண்டனர்.

வீதியின் இருமருங்கிலும் பாலை, வீரை, முதிரை, கருங்காலி என்னும் வைர மரங்கள். ஆனி மாதம் பாலைப்பழக் காலம். மஞ்சள் நிறமான சிறிய பழம். தேன் போன்ற இனிப்பு. நாலைந்து தின்றால் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். வீதியோரத்தில் விற்பனைக்கு வைத்திருந்தவற்றை வாங்கி உண்டோம். கரடிக்கும் இப்பழம் மிக விருப்பமானது. ஆதலால் பழக்காலத்திற் பாலை மரத்தடிக்குச் செல்வோர் சற்று அவதானமாகவே செல்வர்.

இந்த வீதிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1990 ஆம் ஆண்டின் பின் பன்னிரண்டு ஆண்டு காலம் இது மூடிக்கிடந்தது. 1997 மே மாதத்திலிருந்து 1998 டிசம்பர் வரை இவ்வீதிக்காகவே பெரும்போர் நிகழ்ந்தது. 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தால் திறந்தது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடியது. 2009 இல் போர் முடிந்தபின் படிப்படியாகத் திறக்கப்பட்டது. இரயிலும் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சியையும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் மறுபடி அடைந்தது. இன்று இரண்டு மணி நேரத்திற்குள் ஓடிக் கடக்கும் இத்தூரத்தைக் கடக்க முடியாமல் ஒரு தலைமுறை காத்திருந்தது என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

இரவு எங்கே தங்குவது?

முதல்நாள் மாலை ஒரு சிறு குளத்தின் அணைக்கட்டருகே வேனை நிறுத்தினோம். நீரில் அந்தி வெயில். மருத மர நிழல். இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும் என்று கூடாரத்தை வெளியே எடுத்தோம். மாடுகளைச் சாய்த்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் எங்களைக் கண்டு நின்றார்.

“தம்பியவை, இதில படுக்காதேங்கோ. பொழுதுபட்டால் ஆனை தண்ணிக்கு வாற துறை இது. கோயிலடிக்கு வாங்கோ, அங்கை கிணறும் இருக்கு.”

“வேறை இடத்துக்குக் காட்டுப் பாதையால போகலாமோ, ஐயா?” என்று நண்பர் கேட்டார்.

“தெரியாத பாதையில இறங்கப்படாது. மாடு போற பாதையில மட்டும் நடவுங்கோ” என்றார் அவர்.

இது முதுமைக்குரிய வீண் அச்சமன்று. போர்க்காலத்தில் இருதரப்பினரும் புதைத்த கண்ணிவெடிகளை அகற்றும் பணி போர் முடிந்த பின்னரும் ஆண்டுக்கணக்காக நீண்டது. முகமாலைப் பகுதி போன்ற இடங்களில் தொழிலாளர்கள், அவர்களுள் கணவரை இழந்த பெண்களும் அடங்குவர், மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறிக் கண்ணிகளை எடுத்தனர். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 ஆம் ஆண்டிற் சேர்ந்தது. சிவப்புப் பலகையில் மண்டையோட்டுக் குறி கண்டால் அதற்கப்பால் ஓரடியும் வைக்கலாகாது. பலகை இல்லை என்பதற்காகவும் காட்டினுள் இறங்கிவிடக் கூடாது.

அன்றிரவு கோயில் வெளிவீதியில், பூசகரின் அனுமதியோடு தங்கினோம். சோறும் பருப்பும் கத்தரிக்காயும் சமைத்தோம். ஊர்ப்பிள்ளைகள் வேனைச் சுற்றி வந்து, அதற்குள் அடுப்பு இருப்பதைக் கண்டு சிரித்தார்கள். நள்ளிரவில் குளத்துப் பக்கமாகக் கிளை முறியும் ஓசை கேட்டது. பெரியவர் சொன்ன விருந்தினர் வந்துவிட்டனர் என அறிந்து கொண்டோம்.

முறிகண்டியும் இரணைமடுவும்

மறுநாள் முறிகண்டி. சிறிய கோயில், ஆனால் அதைக் கடக்கும் சாரதி எவரும் நில்லாமற் செல்லத் துணிவதில்லை. தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டு புறப்படுவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். நெடுங்காட்டின் நடுவே பிரயாணி தன் அச்சத்தை இறக்கி வைக்க ஓரிடம் வேண்டியிருந்தது. அந்தத் தேவையே இவ்வழக்கத்தைக் காத்து வந்ததென எண்ணுகிறோம்.

கிளிநொச்சியை அண்மித்ததும் இரணைமடுவுக்குச் சென்றோம். வவுனியாப் பக்கத்திலிருந்து வடக்கே ஓடிவரும் கனகராயன் ஆற்றைத் தடுத்துக் கட்டிய குளம் இது. 1902 ஆம் ஆண்டிற் தொடங்கிய வேலை முடிய ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சென்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்த உழவர்கள் காடு வெட்டி, மலேரியாவோடு போராடி, வயல் திருத்தினர். அவர்கள் உழைப்பிலே கிளிநொச்சி எழுந்தது. 1984 ஆம் ஆண்டில் தனி மாவட்டமுமாயிற்று. 1977 ஆம் ஆண்டின் கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து உடுத்த துணியோடு வந்த குடும்பங்களும் வன்னி மண்ணிலேதான் காலூன்றின. இங்கே காடு என்பது ஓடி வந்தவர்க்கெல்லாம் கதவு திறந்த வீடாகவும் இருந்தது.

அணைக்கட்டின் மேல் நின்று ஒருபக்கம் கடல் போன்ற நீரையும், மறுபக்கம் வாய்க்கால் பாயும் சிறுபோக வயலையும் பார்த்தபோது, இதனை இனிமேல் எப்படி வெறுங்காடு என்று சொல்வது என எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

இரண்டு வகைக் காடு

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதியிற் கிழக்கே திரும்பினோம். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு ஆகிய ஊர்களைத் தாண்டிச் செல்லும் இவ்வீதியின் அருகே காடு வேறுவிதமாக இருந்தது. வீதியை விட்டு உள்ளே ஒரு கிராமத்துத் தேநீர்க் கடையிற் சந்தித்த தாயொருவர் பற்றைக்காட்டைக் காட்டிச் சொன்னார்:

“அந்தப் பூவரசு வரிசை நான் நட்ட கதியால், பிள்ளையள். கிணறு அங்காலை இருக்கு. கண்ணி எடுத்து முடிச்சாத்தான் உள்ளுக்கு விடுவினம்.”

அதன்பிறகே எங்கள் கண் திறந்தது. பாலையும் வீரையும் தாமாக வளர்ந்த காட்டில் மரங்கள் வரிசையில் நில்லா. பூவரசோ கிளுவையோ ஒரே நேர்கோட்டில் நின்றால் அது வேலி. பற்றைக்கு நடுவே ஒரு தென்னையோ மாவோ தலைகாட்டினால் அது முற்றம். இரண்டு படிக்கட்டு மண்ணிலிருந்து எழுந்து நின்றால் அது வாசல். வன்னியில் இரண்டு வகைக் காடு உண்டு: மனிதர் வருமுன் இருந்தது ஒன்று; மனிதர் துரத்தப்பட்டபின் வளர்ந்தது மற்றொன்று. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே பச்சை.

முள்ளிவாய்க்காலில் வேனை நிறுத்தி, பேசாமல் நின்றோம். அரச படைகளுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர் 2009 மே மாதத்தில் இக்கரையிலேயே முடிவுற்றது. ஒடுங்கிய மணற்பரப்பில் அடைபட்ட பொதுமக்களிற் பல்லாயிரவர் மாண்டனர். ஆண்டுதோறும் மே 18 இல் உறவினர் இங்கே கூடி விளக்கேற்றுகின்றனர். அந்நாட்களிற் பசியாற்றிய கஞ்சியை வார்த்துப் பகிர்கின்றனர். இவ்விடத்தில் அடுப்பு மூட்டவோ படமெடுத்துக் களிக்கவோ எங்களுக்கு மனம் வரவில்லை. வட்டுவாகலில் நந்திக்கடலைக் கடந்து முல்லைத்தீவை அடைந்தோம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதியின் ஆழிப்பேரலையாலும் சிதைந்த பட்டினம் இது. ஆயினும் விடியற்காலையில் கரைவலை இழுப்போரின் குரல் கேட்டது. வாங்கிய மீனைக் கடற்கரையிலேயே குழம்பு வைத்தோம்.

கற்சிலைமடுவின் கல்

திரும்பும் வழியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனை வணங்கினோம். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கும் தலம் இது. நாடெங்குமிருந்து அடியார் திரள்வர். பின்னர் முள்ளியவளை, ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளம் நோக்கினோம். ஒட்டுசுட்டானை அடுத்தது கற்சிலைமடு. 1803 ஆம் ஆண்டில் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய பண்டாரவன்னியன், அதே ஆண்டு ஒக்டோபர் 31 ஆம் திகதி வொன் டிறிபேர்க் என்ற அதிகாரியால் இங்கே தோற்கடிக்கப்பட்டதாகக் கல் நாட்டினர். வென்றவர் தம் வெற்றியைக் குறிக்க நட்ட கல், தோற்றவனின் பெயரையே காலங்கடந்து காத்துத் தந்தது.

இத்தகைய பயணம் செல்ல விரும்பும் குடும்பத்தினர்க்குச் சில வார்த்தை. ஆனி, ஆடியிற் சென்றால் பாலைப்பழம் உண்டு, வெயிலும் உண்டு. மாசி, பங்குனியிற் சென்றால் குளங்கள் நிறைந்திருக்கும். குடிநீரைத் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். காய்ந்த காட்டருகே தீ மூட்டாதீர்கள். ஒதுக்குக் காடுகளில் உரிய திணைக்களத்தின் அனுமதியின்றி நுழையாதீர்கள். இரவு தங்குமிடத்தை ஊராரைக் கேட்டே தெரிவு செய்யுங்கள். கொண்டுசென்ற பிளாஸ்திக்கைக் கொண்டே திரும்புங்கள்.

மாணவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வோம். அடுத்தமுறை இவ்வழியே பஸ்ஸிற் போகும்போது வெளியே பாருங்கள். பற்றைக்குள் ஒரு பூவரசு வரிசை நேராக நின்றால், அது காடென்று சொல்லிக் கடந்துவிடாமல், யாருடைய வளவு என்று ஒரு கணமாவது கேட்டுப் பாருங்கள்.