"அவருக்கு வேற பிளானே கிடைக்கலியா?"

காட்பாடி ஸ்டேஷனில் ரயில் நின்றதும் இறங்குகிற கூட்டத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கையில் பெட்டி இருக்கிறதோ இல்லையோ, கக்கத்தில் ஒரு பெரிய எக்ஸ்ரே கவர் இருக்கும். வெளியே வந்தால் ஆட்டோக்காரர் நம் முகத்தைக்கூடப் பார்க்காமல் "ஹாஸ்பிடலா?" என்பார். வேலூர் டவுனுக்குள் போனால் லாட்ஜ் போர்டுகளில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காள எழுத்து. அவ்வளவு தூரத்திலிருந்து நம்பிக்கையை மூட்டை கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். என்னிடம் எக்ஸ்ரே இல்லை. பைபிள் இருந்தது.

பார்க்கப் போனது என் ஆபீஸ் நண்பனை. ஒரே செக்‌ஷன், அடுத்தடுத்த மேஜை. சர்ச் கொயரிலும் பக்கத்துப் பக்கத்தில்தான். அவன் பேஸ், நான் டெனர். (என் குரலை டெனர் என்று சொல்வது கொயர் மாஸ்டரின் பெருந்தன்மை.) கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்திருந்த வாரம். ராத்திரி பைக்கில் வருகிறான்; ரோட்டில் விளக்கே இல்லாமல் ஒரு லாரி நிற்கிறது. உயிர் தப்பியது. முதுகெலும்பு நொறுங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே தனக்குக் கால் இருக்கிறது என்பதை இனி அவன் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெண் வீட்டார் ஒரு மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நகைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டுமோ என்னவோ.

அடிபட்ட முதல் வாரத்தில் நான் போய் அவனிடம் சொன்னது இதுதான்: "கவலைப்படாதடா மாப்ளே. கர்த்தர் இதுல ஒரு திட்டம் வெச்சிருப்பார்."

அவன் மோட்டுவளையைப் பார்த்தபடி கேட்டான்: "அவருக்கு வேற பிளானே கிடைக்கலியா?"

ஒரு ஆரஞ்சை உரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு 'சாட்சி' என்றால் என்னவென்று தெரியும். ஒருவர் எழுந்து நின்று, கடவுள் தனக்குச் செய்த நன்மையைச் சபை முன்னால் சொல்வது. எனக்கு வேலை கிடைத்த வருஷம் நானும் சொன்னேன். வெயிட்டிங் லிஸ்ட்டில் இருந்தவன் நான். எனக்கு மேலே இருந்த ஒருவர் வந்து சேரவில்லை, எனக்கு ஆர்டர் வந்தது. "கர்த்தர் எனக்காகவே அந்த இடத்தைக் காலியா வெச்சிருந்தார்" என்று நாத்தழுதழுக்கச் சொன்னேன். ஸ்தோத்திர காணிக்கை நூற்றியொரு ரூபாய். அந்த மனுஷர் ஏன் வந்து சேரவில்லை என்பது ரெண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அவர் அப்பா திடீரென்று இறந்து, குடும்பத்தை விட்டு நகர முடியாமல் போயிருக்கிறது.

நன்மை நம் வீட்டுக் கதவைத் தட்டும்போது கடவுளின் நோக்கத்தைப் புரிந்துகொள்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்! இப்போது அந்தச் சாட்சியை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. நன்றி சொன்னது தப்பில்லை. கணக்குச் சொன்னதுதான் தப்பு.

பைபிளில் யோபு என்று ஒரு புத்தகம், 42 அதிகாரம். பத்துப் பிள்ளைகள், ஆடு மாடு ஒட்டகம், உடம்பு... எல்லாம் பறிபோய்ச் சாம்பலில் உட்கார்ந்திருக்கும் மனுஷனைப் பார்க்க மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் தரையில் அவனோடு பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரைக்கும் தங்கமான நண்பர்கள். பிறகுதான் வினை. வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். 'நீ ஏதோ தப்பு செய்திருப்பாய், கடவுள் சும்மா செய்வாரா?' என்கிற தோரணையில் அதிகாரம் அதிகாரமாகப் போகிறது பேச்சு. நம் ஆபீஸ் கேன்டீனில் கேட்காத பேச்சா என்ன?

38-ஆம் அதிகாரத்தில் கடவுளே பேசுகிறார். அப்போதாவது காரணம் சொல்வார் என்று பார்த்தால், இல்லை. நட்சத்திரம், பனி, காட்டுக்கழுதை என்று கேள்விமேல் கேள்வி. முதல் அதிகாரத்தில் பரலோகத்தில் நடந்த பேச்சு படிக்கிற நமக்குத் தெரியும். பாதிக்கப்பட்ட யோபுவுக்குக் கடைசிவரை தெரியாது. முடிவில் கடவுள் கோபித்துக்கொள்வது, முகத்துக்கு நேராக 'ஏன்?' என்று கேட்ட யோபுவை அல்ல. கடவுளுக்காக வக்காலத்து வாங்கிய அந்த நண்பர்களை!

ஆரஞ்சு உரித்த அன்று ராத்திரி இதைப் படித்தேன். எனக்குத் தூக்கம் வரவில்லை.

நண்பன் இருந்த இடம் பாகாயம். வேலூரிலிருந்து கொஞ்ச தூரம். சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் அங்கே இருக்கிறது. 1966-ல் திறந்தது. அதை ஆரம்பித்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். அவர் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

1925-ல் கேரளத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். வேலூரில் படித்து டாக்டரானார். 1954 ஜனவரியில், இளம் டாக்டர்களாகச் சேர்ந்து வெளியே போன வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பெரிய காயம். முதுகுத்தண்டு அடிபட்டு இரண்டு காலும் போயின. வயது 28. ஆபரேஷன் செய்து நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்று கனவு கண்டவருக்கு இனி நிற்கவே முடியாது.

அங்கே டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர். அவர் அப்பா 1929-ல் அந்த மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். பையன் அப்போது இங்கிலாந்தில் பள்ளிக்கூடத்தில். அம்மா ஈவ்லினோ வயசான பிறகும் மலைக்கே திரும்பி வந்து, 95 வயதுவரை அந்த ஜனங்களோடு இருந்துவிட்டுப் போனார். கஷ்டத்தைப் பற்றிப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்ட குடும்பம் இல்லை.

தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால்தான் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் சிதைகின்றன என்று எடுத்துக் காட்டியவர் பிராண்ட். செத்துப்போன தசைகளால் கொக்கி மாதிரி மடங்கிவிட்ட விரல்களுக்கு அவர் ஒரு வைத்தியம் செய்தார். முன்கையில் நன்றாக இருக்கும் தசையின் நாணை எடுத்து விரலுக்கு மாற்றிக் கட்டுவது. அதுவரை வேறு வேலை பார்த்த தசை, புது வேலையைப் பொறுமையாகப் பழக வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் பயிற்சி.

இந்த ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று மேரிக்கு வழி காட்டினார் பிராண்ட். மேரி செய்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடி, தொழுநோயாளிகளின் கைகளை நிமிர்த்தினார். பிறகு ஆஸ்திரேலியாவில் பெர்த், அங்கிருந்து நியூயார்க் என்று போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பினார். பாகாயம் நிலையம் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் காலமானார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: காலால் நடந்த வருஷங்களைவிட நாற்காலியில் இருந்த வருஷங்கள் அதிகம்.

'அந்த வண்டி கவிழாவிட்டால் இந்த நிலையம் ஏது? ஆகவே கடவுள்தான் கவிழ்த்தார்' என்று முடிச்சுப் போட எனக்கு இப்போது வாய் வரவில்லை. அது யோபுவின் நண்பர்கள் போடுகிற கணக்கு. எனக்குப் பட்டது வேறு. முதல் தொழுநோயாளியின் கையில் மேரி கத்தியை வைத்தபோது, 1966-ல் எழும்பப் போகிற கட்டடம் அவர் கண்ணில் தெரிந்திருக்காது. கடவுளை நம்பி அன்றைக்கு முன்னால் இருந்த ஒரு கையைப் பிடித்தார். அவ்வளவுதான் தெரியும் அவருக்கு.

நான் போனபோது நண்பன் சக்கர நாற்காலியில் மரத்தடியில் இருந்தான். பக்கத்தில் பனையிலிருந்து விழுந்த ஒரு பெரியவர். நண்பன் வாட்சைப் பார்த்தான். இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கினான், இறக்கினான். பதினைந்து நிமிஷத்துக்கு ஒருதரம் இப்படிச் செய்தாக வேண்டுமாம். இல்லாவிட்டால் புண் வந்துவிடும். நமக்கென்றால் வலி சொல்லிவிடும், தானாக அசைந்து உட்காருவோம். அவனுக்கு வாட்ச்தான் சொல்ல வேண்டும்.

நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

"என்னடா, இன்னிக்குத் திட்டம் எதுவும் இல்லியா?"

"இல்லடா. யோபு படிச்சேன்."

"ஏழு நாள் சும்மா உட்கார்ந்தானுங்களே, அந்த எடமா?"

"ஆமா."

"நீ எவ்ளோ நேரம் தாங்குவே?"

"சாயங்கால ரயில் வரைக்கும்."

அடிபட்ட பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "அடுத்த தடவை வரப்போ ஆம்பூர் பிரியாணி வாங்கிட்டு வா."

"ஆம்பூர் காட்பாடியத் தாண்டிடா இருக்கு."

"தாண்டிப் போய் வாங்கிட்டு வா. அப்படியே கொயர் பாட்டுப் புஸ்தகமும். பேஸ் லைன் மறந்துடும்போல இருக்கு."

சொல்லிவிட்டு மறுபடி வாட்சைப் பார்த்தான். பதினைந்து நிமிஷம் ஆகியிருந்தது.